நடுக்கடலில் ஒரு பிரார்த்தனை: நன்றிக்கடன் தீர 40 ஆண்டு!

1748-ம் ஆண்டு, மார்ச் மாதம்.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் நடுவே "கிரேஹவுண்டு" என்ற வியாபாரக் கப்பல் இங்கிலாந்தை நோக்கிப் போய்க் கொண்டிருந்தது. இரவு நேரம். கீழ்த்தட்டில் ஒரு வாலிபன் அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தான். அவனுக்கு வயது 22.

திடீரென்று பயங்கரமான சத்தம்! மலை போன்ற அலை ஒன்று கப்பல் மீது மோதியது. வாலிபன் படுத்திருந்த அறைக்குள் தண்ணீர் கொட்டியது. கப்பல் மூழ்குகிறது என்று மேலே கூச்சல் கேட்டது.

அவன் துள்ளி எழுந்தான். மேல்தட்டுக்குப் போக ஏணியில் ஏறினான். எதிரே வந்த காப்டன், கத்தி ஒன்று எடுத்து வரும்படி சொன்னார். வாலிபன் திரும்பிக் கீழே இறங்கினான். அவன் இருந்த இடத்தில் வேறு ஒருவன் மேலே ஏறினான்.

மேல்தட்டில் கால் வைத்த அந்த மனிதனை அடுத்த அலை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது!

கத்தி எடுக்கத் திரும்பிய வாலிபன் பிழைத்தான். அவன் பெயர் ஜான் நியூட்டன். (ஆப்பிள் பழம் விழுந்த கதையில் வரும் விஞ்ஞானி நியூட்டன் வேறு, இவன் வேறு.)

பல ஆண்டுகளாகக் கடவுளைக் கேலி செய்து வந்தவன் அவன். அன்று அவனே கடவுளை அழைத்தான். துன்பம் வந்தால் கடவுளை அழைக்காதவர் யார்? ஆனால், துன்பம் தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது? அதுதான் இந்தக் கதை.

தாய் ஊன்றிய விதை

ஜான் நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தான். தகப்பனார் கப்பல் காப்டன். வருஷத்தில் பெரும்பகுதி கடலிலேயே இருப்பார். வீட்டில் தாயும் மகனும்தான்.

தாய் பக்தி உள்ளவர். சின்னஞ்சிறு வயதிலேயே மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மடியில் உட்கார வைத்து ஜெபம் செய்யக் கற்றுக் கொடுத்தார். தன் மகன் பெரியவனாகிப் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசை நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காச நோய் அவரைக் கொண்டு போய்விட்டது. ஜானுக்கு அப்போது ஏழு வயது முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

தகப்பனார் மறுமணம் செய்து கொண்டார். 11 வயதில் ஜான் தகப்பனாருடன் கப்பல் ஏறினான். மாலுமிகளின் சகவாசம் ஏற்பட்டது. தாய் கற்றுக் கொடுத்த ஜெபம் மறந்தது. வாயைத் திறந்தால் வசவு வந்தது. தான் கடவுளை நம்பாமல் இருந்ததோடு அவன் நிற்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்களைக் கிண்டல் செய்து, அவர்களுடைய நம்பிக்கையையும் கெடுப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்துக் கொண்டான்.

கசையடி திருத்தவில்லை

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கடற்படைக்கு ஆள் போதாவிட்டால், தெருவில் போகிறவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். 1744-ம் ஆண்டு நியூட்டனும் அப்படிப் பிடிபட்டான். "ஹார்விச்" என்ற போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டான். தகப்பனாரின் செல்வாக்கால் அவனுக்கு ஒரு சிறிய அதிகாரி பதவி கிடைத்தது.

ஆனால் அவன் மனம் கரையில் இருந்தது. கெண்டு என்ற மாவட்டத்தில் மேரி என்ற பெண்ணை அவன் பார்த்திருந்தான். அவளையே மணப்பது என்று முடிவு செய்திருந்தான். கப்பலோ கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்படத் தயாராக இருந்தது. திரும்பி வரப் பல வருஷங்கள் ஆகும்.

ஒரு நாள், மாலுமிகள் தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அவனைக் கரைக்கு அனுப்பினார்கள். காவலுக்குப் போனவனே ஓடிவிட்டான்!

பிடித்துவிட்டார்கள். திருடனைப் போல ஊர் நடுவே நடத்தி வந்தார்கள். விலங்கு பூட்டினார்கள். சட்டையைக் கழற்றி, எல்லோரும் பார்க்கக் கசையால் அடித்தார்கள். பதவியும் பறிபோனது. நேற்று வரை அவன் ஏவிய ஆட்கள் இன்று அவனை ஏவினார்கள்.

இவ்வளவு தண்டனைக்குப் பிறகாவது அவன் திருந்தினானா? இல்லை. முதுகில் விழுந்த அடி மனதைத் தொடவில்லை. மனதில் வெறுப்புத்தான் வளர்ந்தது. காப்டனைக் கொன்றுவிட்டுக் கடலில் குதிக்கலாமா என்றுகூட நினைத்தான். மேரி தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற ஒரே எண்ணம்தான் அவனைத் தடுத்தது.

விலங்கு பூட்டிய கைகள்

நடுவழியில் ஒரு தீவில் நியூட்டன் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டான். அது அடிமை வியாபாரக் கப்பல். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விலைக்கு வாங்கி, அமெரிக்கக் கண்டத்துக்கும் அதை அடுத்த தீவுகளுக்கும் கொண்டு போய் விற்பது அதன் தொழில்.

ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கரையை அடுத்த ஒரு தீவில், வெள்ளைக்கார வியாபாரி ஒருவனிடம் நியூட்டன் வேலைக்குச் சேர்ந்தான். சீக்கிரம் பணக்காரன் ஆகலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் கடும் காய்ச்சல் அவனைப் படுக்கையில் தள்ளியது. வியாபாரி வெளியூர் போயிருந்தான். வீட்டில் இருந்த அவன் மனைவிக்கு நியூட்டனைப் பிடிக்கவில்லை. அவனுக்குப் படுக்கை, வெறும் பாய். தலையணை, மரக்கட்டை. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. பசி தாங்காமல், இரவில் தோட்டத்துக்குள் புகுந்து கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அந்த நிலையில் அவனுக்கு இரக்கம் காட்டியவர்கள் யார் தெரியுமா? விலைக்கு விற்கப்படுவதற்காக அங்கே சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த அடிமைகள்! அவர்களுக்குக் கிடைத்ததே அரை வயிற்றுச் சாப்பாடு. அதிலும் கொஞ்சம் ஒதுக்கி, யாருக்கும் தெரியாமல் அவனுக்குக் கொடுத்தார்கள்.

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நியூட்டன் மறந்துவிட்டான்!

அவன் தகப்பனாருக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினான். அவர் தம் நண்பரான ஒரு வியாபாரியிடம் சொன்னார். அந்த நண்பரின் கப்பல்தான் "கிரேஹவுண்டு". 1747-ம் ஆண்டு அது நியூட்டனைத் தேடிக் கண்டுபிடித்தது. அதற்குள் அவன் வேறு ஒரு வியாபாரியிடம் சேர்ந்து சுகமாக இருந்தான். ஊருக்கு வரத் தயங்கினான். உனக்குப் பெரிய சொத்துக் காத்திருக்கிறது என்று காப்டன் ஒரு பொய்யைச் சொல்லி அவனை ஏற்றிக்கொண்டார்.

சுக்கானைப் பிடித்த கை

இப்போது அந்தப் புயல் இரவுக்குத் திரும்புவோம்.

கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. படுக்கைத் துணிகளையும் உடுப்புகளையும் ஓட்டைகளில் திணித்து, மேலே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். விடியற்காலை மூன்று மணி முதல் நண்பகல் வரை நியூட்டன் பம்பு அடித்து நீர் இறைத்தான். அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, பம்பு அடித்தவர்கள் தங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள்.

ஒரு கட்டத்தில் காப்டனிடம் ஏதோ யோசனை சொல்லிவிட்டுத் திரும்பும்போது, இதுவும் பயன்படாவிட்டால் கடவுள்தான் நம்மேல் இரங்க வேண்டும் என்ற சொல் அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சொன்னவனே திடுக்கிட்டான். கடவுள் இரங்க வேண்டுமா? யார்மேல்? அவரை இத்தனை வருஷம் கேலி செய்த என்மேலா?

நண்பகலுக்குப் பிறகு அவனால் பம்பு அடிக்க முடியவில்லை. சுக்கானைப் பிடிக்கச் சொன்னார்கள். மதியம் ஒரு மணி முதல் நள்ளிரவு வரை சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய வாழ்க்கை முழுவதும் கண் முன்னே வந்தது. தாய் சொல்லிக் கொடுத்த வாசகங்கள் நினைவுக்கு வந்தன. அவன் செய்த பரிகாசமும் நினைவுக்கு வந்தது.

கப்பல் மூழ்கவில்லை. அதற்கு ஒரு காரணம், அது சுமந்து வந்த சரக்கு. தேன்மெழுகும் மரமும் ஏராளமாக இருந்தன. இரண்டும் தண்ணீரில் மிதப்பவை.

புயல் தணிந்தது. ஆனால் சோதனை தீரவில்லை. கப்பலில் இருந்த ஆடும் பன்றியும் கோழியும் கடலோடு போய்விட்டன. உப்பிட்ட மீன்தான் மிச்சம். பாதி மீன், 12 பேருக்கு ஒரு நாள் உணவு! இந்த நாத்திகன் ஏறியதால்தான் இந்தக் கதி, இவனைக் கடலில் தள்ளினால்தான் நாம் பிழைப்போம் என்று காப்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். தள்ளிவிடுவாரோ என்று நியூட்டன் பயந்தான்.

நான்கு வாரம் கழித்துக் கப்பல் அயர்லாந்து நாட்டுக் கரையை அடைந்தது. அப்போது கடைசிச் சாப்பாடு அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்தது. கரையைத் தொட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் பெருங்காற்று வீசியது. கடலில் இருந்திருந்தால் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

பிரார்த்தனைக்குச் செவி சாய்க்கும் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நியூட்டன் நம்பத் தொடங்கினான்.

கரை ஏறிய பிறகு...

"சங்கடம் வந்தால் வெங்கடரமணா" என்பார்கள். சங்கடம் தீர்ந்ததும் வெங்கடரமணனை மறந்துவிடுவது மனித சுபாவம். நியூட்டன் அப்படி அடியோடு மறந்துவிடவில்லை. கோவிலுக்குப் போனான். வசவு பேசுவதை விட்டான்.

ஆனால் அவன் செய்த காரியம் என்ன? புயலில் தப்பிய அதே ஆண்டில் மறுபடியும் கடலுக்குப் போனான். அடிமைக் கப்பலில் துணைத் தலைவனாகப் போனான்! 1750-ம் ஆண்டு மேரியை மணந்தான். அதன் பிறகு அடிமைக் கப்பலுக்குக் காப்டன் ஆனான். 1754 வரை மூன்று முறை ஆப்பிரிக்காவுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தட்டில் மாலுமிகளைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்துவான். கீழ்த்தட்டில் மனிதர்கள் விலங்கு பூட்டப்பட்டுக் கிடப்பார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டபோது, உண்மையைச் சொல்ல வைப்பதற்காக அடிமைச் சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணிக் கருவியில் இறுக்கினான். இதை அவனே தன் கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

பசித்திருந்தபோது அவனுக்கு உணவு கொடுத்த கைகளிலும் இப்படிப்பட்ட விலங்குதான் இருந்தது. அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அடிமை வியாபாரம் கௌரவமான தொழில். பெரிய மனிதர்கள் அதில் முதல் போட்டார்கள். அது தவறு என்று நினைப்பவர் வெகு சிலர். ஊர் தவறு என்று சொல்லாததை அவன் மனமும் சொல்லவில்லை.

1754-ம் ஆண்டு, நான்காம் முறை புறப்பட இன்னும் இரண்டு நாள். மேரியுடன் உட்கார்ந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தவன், திடீரென்று நினைவிழந்து விழுந்தான். கடல் பயணம் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அத்துடன் அவனுடைய அடிமை வியாபாரம் முடிந்தது.

மனச்சாட்சி தடுத்து அவன் அந்தத் தொழிலை விடவில்லை. நோய் தடுத்தது.

அவன், அவர் ஆனார்

லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் வேலை கிடைத்தது. ஓய்வு நேரத்தில் நியூட்டன் கிரேக்க மொழியும் எபிரேய மொழியும் படித்தான். பாதிரியார் ஆக விரும்பினான். பல ஆண்டுகள் மறுத்தார்கள். கடைசியில், 1764-ம் ஆண்டு, தாயின் ஆசை நிறைவேறியது. ஓல்னி என்ற சிறிய ஊரில் நியூட்டன் பாதிரியார் ஆனார்.

அந்த ஊரில் ஏழைகள் அதிகம். வீட்டில் உட்கார்ந்து லேஸ் பின்னிப் பிழைப்பவர்கள். அவர்களுடைய வீடுகளுக்கு நியூட்டன் போவார். அவர்களுக்காகவே எளிய சொற்களில் பாட்டு எழுதினார். 1773-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தை ஒட்டி அவர் எழுதிய பாட்டு ஒன்று, இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. "அமேசிங் கிரேஸ்" என்பது அதன் பெயர். ஆச்சரியமான அருள் என்று பொருள்.

புயல் நின்றதும் நியூட்டன் கண்ணீர் விட்டு அந்தப் பாட்டை எழுதினார், உடனே அடிமைகளையெல்லாம் விடுதலை செய்தார் என்று ஒரு கதை உண்டு. அது உண்மை அல்ல. புயலுக்கும் பாட்டுக்கும் இடையே 25 வருஷம் ஓடிவிட்டது. பாட்டு எழுதிய பிறகுகூட, அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாகப் பேச மேலும் 15 வருஷம் ஆயிற்று.

கடைசியில் வாய் திறந்தார்

1780-ம் ஆண்டு நியூட்டன் லண்டனில் ஒரு தேவாலயத்துக்கு வந்தார். 1785-ம் ஆண்டு ஒரு வாலிபர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். அவர் பெயர் வில்பர்போர்ஸ். வயது 26. பார்லிமெண்டு மெம்பர். மனம் மாறியிருந்த அவர், அரசியலை விட்டுவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார். விட வேண்டாம், இருக்கும் இடத்தில் இருந்தே நல்லது செய்யலாம் என்று நியூட்டன் புத்தி சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் வேலையை வில்பர்போர்ஸ் கையில் எடுத்தார்.

1788-ம் ஆண்டு நியூட்டன் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அப்போது அவருக்கு 62 வயது. நான் செய்த தொழிலை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது, இதை ஒப்புக்கொள்ளக் காலம் கடந்துவிட்டது என்ற கருத்தில் அதில் எழுதினார். அடிமைக் கப்பலில் நடப்பது என்ன என்பதை விவரமாகச் சொன்னார். ஏறக்குறைய ஐந்து அடி உயரமே உள்ள கீழ்த்தட்டு. நடுவில் பலகை அடித்து அதையும் இரண்டாக்குவார்கள். ஆட்களை இருவர் இருவராகச் சேர்த்து விலங்கிட்டு நெருக்கிப் படுக்க வைப்பார்கள். காலையில் பார்த்தால், உயிரோடு இருப்பவனும் செத்தவனும் ஒரே விலங்கில் கிடப்பதும் உண்டு.

விசாரணைக் கமிட்டியின் முன் போய்ச் சாட்சியும் சொன்னார். அடிமை வியாபாரம் கொடியது என்று மற்றவர்கள் சொன்னபோது, நேரில் பார்த்தாயா என்று வியாபாரிகள் மடக்க முடிந்தது. நியூட்டனை அப்படி மடக்க முடியவில்லை. பார்த்தவர் அல்ல, செய்தவர்!

போராட்டம் நீண்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். பார்லிமெண்டில் மசோதா பல முறை தோற்றது. கடைசியில் 1807-ம் ஆண்டு மார்ச் மாதம், அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. (அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது.) அதே 1807-ம் ஆண்டு டிசம்பர் மாதம், 82-ம் வயதில் நியூட்டன் காலமானார்.

மார்ச் 21

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 21-ந் தேதியை நியூட்டன் மறந்ததே இல்லை. புயலில் பிழைத்த நாள் அது. அன்று தனியாக இருந்து பிரார்த்தனை செய்வார். 1805-ம் ஆண்டு, பார்வை மங்கி எழுத முடியாத நிலையிலும், அந்தத் தேதியில் நாட்குறிப்பில் சில வரி எழுதினார். அதுதான் நாட்குறிப்பில் அவருடைய கடைசி எழுத்து.

புயலன்றே தாம் முழுமையாக மாறிவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டது கிடையாது. உண்மையான விசுவாசி ஆக அதற்குப் பிறகும் நெடுநாள் ஆயிற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் விற்ற மனிதர்கள் திரும்பி வரவில்லை. தாயைப் பிரிந்த பிள்ளைகள் சேரவில்லை. எந்தப் பிரார்த்தனையும் அதை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வயோதிகத்திலும் வெட்கத்தை விட்டுச் சாட்சி சொன்னார்.

வீட்டில் நோய் வந்தால், பிள்ளைக்கு ஆபத்து என்றால், வேலை போய்விட்டால், நாமும் கடவுளைக் கூப்பிடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. துன்பத்தில் எழும் குரல், உள்ளத்தின் அடியிலிருந்து எழும் குரல். கசையடியால் திருந்தாத ஒருவனை அந்தக் குரல்தான் திருப்பியது.

ஆனால் கூப்பிட்ட மறுநாள் நாம் யாருடைய வயிற்றில் அடிக்கிறோம், நமக்கு ஒரு பிடி உணவு கொடுத்தவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நியூட்டன் அதைப் பார்க்க 40 ஆண்டு எடுத்துக்கொண்டார்.

நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.